கவுன்சலிங் படித்தாயிற்று, எதிரில் ஆள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: கவுன்சலிங் சைக்காலஜி முதுநிலையில் முதலாண்டு முடிந்துவிட்டது. கோட்பாடுகள் தெரியும், மதிப்பெண்ணும் குறைவில்லை. இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பயிற்சி. எதிரில் ஒருவர் பேச ஆரம்பித்ததும், அடுத்து நாம் என்ன சொல்வது என்ற பதற்றத்தில் அவர் சொல்வதே காதில் விழுவதில்லை. "என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் திணறல். செய்முறைத் திறனை எப்படிக் கற்றுக்கொள்வது, முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களை மேற்பார்வை செய்வதும் என் வேலையில் ஒரு பங்கு. இந்தத் திணறல் படிப்பில் இருக்கும் குறையால் வருகிறதே தவிர உங்கள் குறையால் அல்ல. நம் வகுப்புகளில் ஆங்கிலத்தில் கோட்பாடு படிக்கிறோம், ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறோம். வேலை முழுக்கத் தமிழில் நடக்கிறது. நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க யாரும் சொல்லித் தருவதில்லை.

அதனால் முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு திறனை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் சொன்னதில் நீங்கள் புரிந்துகொண்டதை அவரிடமே சொல்லி, சரிதானா என்று பார்ப்பது. அதை நீங்கள் வீட்டில் பேசும் தமிழில் பழகுங்கள். பழகுவதைப் பதிவு செய்து, உங்கள் குரலை நீங்களே கேளுங்கள். மற்ற எல்லா உத்திகளும், சிபிடியோ (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) குடும்ப சிகிச்சையோ எதுவானாலும், இதன் மேல்தான் நிற்கும்.

பதிவைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தவிர்ப்பது இதைத்தான். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ், சிகிச்சையில் மாற்றம் வரத் தேவை என்று 1957-இல் எழுதிய நிபந்தனைகள், அதாவது ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது, எல்லாம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் செய்த இன்னொரு காரியம் பாடத்தில் அவ்வளவாக வராது. 1940 வாக்கில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அமர்வுகளை இசைத்தட்டில் பதிவு செய்ய ஆரம்பித்தார். டேப் ரெக்கார்டர் புழக்கத்துக்கு வராத காலம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்ற வேண்டும். 1942-இல் ஒரே நபருடன் நடந்த எட்டு அமர்வுகளைச் சொல்லுக்குச் சொல் அச்சில் கொண்டுவந்தார். அதுவரை, அறைக்குள் கவுன்சலர் என்ன பேசினார் என்பதற்கு அவருடைய நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. பதிவைக் கேட்ட பிறகுதான், நினைத்ததைவிட எவ்வளவு அதிகமாக யோசனை சொல்லிக்கொண்டும் பேச்சைத் திசை திருப்பிக்கொண்டும் இருக்கிறோம் என்று அந்தக் குழுவுக்கே தெரிந்தது. 1960களில் ஆலன் ஐவி என்ற அமெரிக்க உளவியலாளர் வீடியோவை வைத்து, ஒரு சமயத்தில் ஒரு சிறு திறனை மட்டும் கற்றுத் தரும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்கக் கவுன்சலிங் வகுப்புகளில் நடக்கும் மைக்ரோஸ்கில்ஸ் பயிற்சிக்கு அதுதான் தொடக்கம். இத்தனை வருடம் கழித்தும், பதிவு செய்து, கேட்டு, ஒரு சின்ன விஷயத்தைத் திருத்தி, மறுபடி செய்வதைவிட நல்ல வழி ஒன்றை நான் பார்க்கவில்லை.

பயிற்சியைக் களத்தில் வரும் ஆட்களோடு தொடங்காதீர்கள். வகுப்புத் தோழர்கள் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் பேசுபவர், ஒருவர் கவுன்சலர், ஒருவர் கவனிப்பவர். பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு இடம் மாற்றம். பேசுபவர் தற்கொலை, விவாகரத்து என்று நடிக்கத் தேவையில்லை. நடித்தால் கவுன்சலருக்குக் கிடைப்பது நடிப்புதான். உண்மையான சின்ன விஷயம் ஒன்றைக் கொண்டுவரட்டும்: விடுதி அறைத் தோழியோடு சண்டை, அப்பா போனில் கத்தினது, வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டது. இந்தச் சின்ன விஷயங்களில்தான் தயக்கமும் மழுப்பலும் நிஜமாக வரும்.

பிறகு பதிவைப் போட்டு எண்ணுங்கள். நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனை முறை புரிந்துகொண்டதைச் சொன்னீர்கள், எத்தனை முறை "நீங்க ஏன் இப்படிப் பண்ணக்கூடாது" என்றீர்கள். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங், அதாவது மாற வேண்டும் என்ற விருப்பத்தை வந்தவரிடமிருந்தே பேசி வெளிக்கொண்டுவரும் முறையில், அமர்வை மதிப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு (புரிந்துகொண்டதைத் திரும்பச் சொல்வது) வந்தால் சுமார், இரண்டு வந்தால் நல்லது என்று அதில் வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களின் பதிவுகளில் கேள்வி அடுக்கடுக்காக இருக்கும். கேள்வி கேட்டால் பதில் வரும், அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க நமக்கு நேரம் கிடைக்கும். பேசுகிறவருக்கு அது விசாரணை மாதிரி ஆகிவிடும். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் "ஏன் இப்படிப் பண்ணே" என்பது திட்டு. கவுன்சலர் வாயிலிருந்து வந்தாலும் அப்படித்தான் காதில் விழும்.

இனி அந்தத் திறனுக்கு வருவோம். பயிற்சிக்காக நான் உண்டாக்கிய ஓர் உதாரணம். நடுவயதுப் பெண் ஒருவர் சொல்கிறார்: "காலைல நாலரைக்கு எந்திரிக்கிறேன். எல்லாருக்கும் சமைச்சு, டப்பா கட்டி, மாமியாருக்கு மாத்திரை குடுத்துட்டு வேலைக்கு ஓடுறேன். ராத்திரி வந்தா 'சாப்பிட்டியா'ன்னு கேக்க ஒரு ஆள் இல்ல."

"உங்க வீட்டுக்காரர் உதவி பண்ண மாட்டாரா?" என்று கேட்டால் பேச்சு கணவர் மேல் போய்விடும். "ஒரு டைம்டேபிள் போட்டுப் பாத்தீங்களா?" என்றால் அவர் திறமையில் குறை சொன்ன மாதிரி. "நீங்கள் மிகவும் சோர்வாக உணர்கிறீர்கள் என்று தெரிகிறது" என்பது பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்த வாக்கியம். நம் ஊரில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசுவதில்லை. போதாக்குறைக்கு அது தவறும்கூட. அவர் முறையிட்டது வேலைப் பளுவைப் பற்றி இல்லை. கடைசி வரியைக் கவனியுங்கள். "எல்லார் வயித்தையும் நீங்க பாக்குறீங்க. உங்க வயித்தைப் பாக்க யாரும் இல்ல." இதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் அவர் கண் கலங்கும், அல்லது, "ஆமா, எங்கம்மா இருந்த வரைக்கும்..." என்று அடுத்த கதவு திறக்கும்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. அவர் பேச்சில் கனம் எங்கே விழுந்ததோ அதை மட்டும் எடுத்தோம். அவருடைய சொற்களுக்குப் பக்கத்திலேயே இருந்தோம், ஆனால் அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னால் "அதான் சொன்னேனே" என்று பதில் வரும். மூன்றாவது, வாக்கியத்தைக் குரல் இறக்கி முடித்தோம். "யாரும் இல்லையா?" என்று ஏற்றினால் அது மறுபடி கேள்வி ஆகிவிடும், அவர் விளக்கம் சொல்லப் போய்விடுவார். பதிவைக் கேட்கும்போது உங்கள் வாக்கியங்களின் வாலை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் தூக்கி முடித்திருப்பீர்கள்.

பிரதிபலித்தல் என்பதை வெறும் உத்தியாக எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கியது ராஜர்ஸுக்கே கடைசிவரை உறுத்தலாக இருந்தது. 1987-இல் அவர் இறப்பதற்கு முந்தைய வருடம் எழுதியதில், தான் உணர்ச்சிகளைக் கண்ணாடிபோலக் காட்ட முயலவில்லை, தன் புரிதல் சரிதானா என்று சோதித்துக்கொள்கிறேன் என்று விளக்கினார். இது புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல். சோதனைதான் என்றால் தப்பாகப் போகலாம். நீங்கள் ஒன்று சொல்ல, "இல்லங்க, கோவம் இல்ல, அசிங்கமா இருக்கு" என்று அவர் திருத்தினால் நீங்கள் தோற்கவில்லை. அவர் இன்னும் தெளிவாகச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு நிபந்தனை உண்டு. அவர் திருத்தியதை நீங்கள் உண்மையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் மனசைப் பற்றிச் சொல்லும் சொற்களை, அடையாளம் எதுவும் இல்லாமல், எழுதி வாருங்கள். "நெஞ்சு பாரமா இருக்கு", "வயித்தைப் பிசையுது", "தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு", "வெறுத்துப்போச்சு", "வெசனமா இருக்கு", "மனசு விட்டுப்போச்சு". நம் மக்கள் வருத்தத்தை உடம்பில் வைத்துச் சொல்வார்கள். அதைக் கேட்டவுடன் மனதுக்குள் டிப்ரஷன், ஆங்சைட்டி என்று பெயர் மாற்றி எழுதிவிடாதீர்கள். "அந்த பாரம் எப்ப கூடுது, எப்ப கொஞ்சம் லேசாகுது?" என்று அவர் சொல்லிலேயே தங்குங்கள். ஆனால் நெஞ்சு வலி நிஜமான நெஞ்சு வலியாகவும் இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டினாரா என்று கேட்பதும் உங்கள் வேலைதான்.

மௌனம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் யோசிக்கிறார் என்றால் விடுங்கள். உங்களையே பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறார் என்றால் நீங்கள் பேசுங்கள். அழுதால் "அழாதீங்க" என்று சொல்லாதீர்கள், டிஷ்யூவை அவசரமாக நீட்டவும் வேண்டாம். எட்டும் இடத்தில் இருந்தால் போதும்.

அடுத்தது அந்தப் பெரிய கேள்வி. "என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க." பாடம் சொல்கிறது, கவுன்சலர் அறிவுரை சொல்லக் கூடாது என்று. வந்தவரோ அறிவுரை கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். அவரிடம் "நாங்க அட்வைஸ் பண்றதில்ல" என்று சொன்னால் கடை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிய மாதிரி இருக்கும். நான் பயிற்சியாளர்களிடம் சொல்வது: தகவலையும் முடிவையும் பிரித்துக்கொள்ளுங்கள். தகவலைத் தாராளமாகக் கொடுங்கள். கணவர் அடிக்கிறார் என்று ஒரு பெண் சொன்னால், 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். வழிகாட்டக் கூடாது என்ற பெயரில் இதை மறைத்து வைப்பது தவறு. ஆனால் அந்த வீட்டை விட்டு வருவதா, இன்னும் ஒருமுறை பேசிப் பார்ப்பதா என்ற முடிவு அவருடையது. அதன் விளைவோடு வாழப்போவது அவர்.

அவர் உங்களிடம் முடிவைக் கேட்கும்போது நீங்கள் இப்படி ஆரம்பிக்கலாம்: "ரொம்ப நாளா தனியாவே யோசிச்சு அலுத்துப்போயிருக்கீங்க. யாராவது ஒருத்தர் ஒரு வழி சொன்னா போதும்னு இருக்கு. சேர்ந்து யோசிப்போம். இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பாத்தீங்க?" அநேகமாக அவர் நிறையச் செய்து பார்த்திருப்பார். நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லியிருக்கக்கூடிய யோசனைகள் எல்லாம் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும். தகவல் சொல்வதற்கு முன்னால் அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள், அளவாகச் சொல்லுங்கள், பிறகு "இதைக் கேட்டதும் என்ன தோணுது" என்று கேளுங்கள். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்கில் சொல்லித் தரும் இந்த மூன்று படி நம் ஊருக்கு அழகாகப் பொருந்துகிறது.

நம் ஊருக்கே உரிய சில சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருபத்து மூன்று வயது, எதிரில் ஐம்பது வயதுக்காரர். அவரை எப்படிக் கூப்பிடுவது? நிறுவனத்தில் எல்லோரும் சார், மேடம் என்றால் அதையே சொல்லலாம். கிராமத்திலிருந்து வரும் அம்மாவை "அம்மா" என்பதில் தப்பே இல்லை. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடுவது நல்லது. அண்ணா, அக்கா என்ற உறவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால், "என் தங்கச்சி மாதிரி, உன் நம்பரைக் குடும்மா" என்பதும் கூடவே வரும். அதற்கான பதிலை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: "இங்க சென்டர் நம்பர்தான் குடுக்கணும். அவசரம்னா அதுல கூப்பிடுங்க, எனக்குத் தகவல் வந்துடும்."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்ற கேள்வியும் நிச்சயம் வரும். பலரும் இதைத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு, "நாம உங்களைப் பத்திப் பேசுவோம்" என்று வெட்டிவிடுகிறார்கள். அவர் கேட்பது, என் கஷ்டம் உனக்குப் புரியுமா என்பதைத்தான். "இல்லம்மா, இன்னும் ஆகல. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுதுன்னு இருக்கா?" என்று நேராகப் பதில் சொல்லி, அந்தச் சந்தேகத்தையும் மேசை மேல் எடுத்து வைக்கலாம். ஊர் எது, எந்தத் தெரு என்று கேட்பதன் அடியில் சாதி இருக்கும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் சொல்லக் கடமை இல்லை. அந்தக் கேள்வி உங்களை எப்படித் தைத்தது என்பதை மட்டும் மேற்பார்வையாளரிடம் மறக்காமல் பேசுங்கள்.

உட்காரும் விதம் பற்றி ஜெரார்ட் ஈகனின் சோலர் சூத்திரம் படித்திருப்பீர்கள்: நேராக முகம் பார்த்து உட்கார், கைகளைக் கட்டாதே, சற்று முன்னால் சாய், கண்ணைப் பார், தளர்வாக இரு. ஒரு பெரியவர் தன் மகள் வயதுப் பெண்ணிடம் குடியைப் பற்றிச் சொல்லும்போது, நேருக்கு நேர் கண் பார்ப்பது அவரைக் கூசவைக்கும். நாற்காலியைக் கொஞ்சம் கோணத்தில் போடுங்கள். பார்க்கவும் முடியும், பார்வையை விலக்கிக்கொள்ளவும் முடியும்.

அப்புறம் குடும்பம். மகனைக் கூட்டிக்கொண்டு அம்மா வருவார். நீங்கள் மகனைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார். அம்மாவை உடனே வெளியே அனுப்பினால் அடுத்த வாரம் மகனைக் கூட்டி வர மாட்டார். அவரைத்தான் முதலில் கேளுங்கள். பத்து நிமிடம் முழு மனதோடு கேளுங்கள், அவர் பயத்துக்கும் மேலே சொன்ன அதே திறன்தான். பிறகு, "இப்ப தம்பிகிட்ட கொஞ்ச நேரம் தனியா பேசறேன், கடைசில மூணு பேரும் உக்காந்து பேசுவோம்" என்று வரிசையைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். தனியாகப் பேசியதில் எதை அம்மாவிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று மகனிடமே கேட்டுவிட்டுக் கதவைத் திறங்கள்.

ரகசியம் காப்பது பற்றி முதல் ஐந்து நிமிடத்திலேயே பேசிவிட வேண்டும், அதன் எல்லையோடு. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்ல வேண்டியிருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் 2012-ஆம் வருடத்து போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. பயிற்சியில் இருக்கிறேன் என்பதால் விலக்கு கிடையாது. அப்படி எதுவும் காதில் விழுந்தால் அன்றே மேற்பார்வையாளரிடம் போக வேண்டும், தனியாக முடிவெடுக்க வேண்டாம். பள்ளியில் பதினேழு வயதுப் பெண் தன் காதலைச் சொல்ல ஆரம்பிக்கும்போதும் இந்தச் சட்டம் குறுக்கே வரும். எல்லையை முன்பே சொல்லியிருந்தால், எதைச் சொல்வது என்று அவள் யோசித்துச் சொல்வாள். சொல்லாமல் விட்டிருந்தால் நீங்கள் அவளை ஏமாற்றியவர் ஆகிவிடுவீர்கள். பள்ளிகளில் இன்னொன்று, தலைமையாசிரியர் "என்ன சொன்னான்?" என்று கேட்பார். வேலையில் சேரும் நாளிலேயே, மாணவர் வந்தாரா இல்லையா, பாதுகாப்பு அபாயம் உண்டா இல்லையா என்பதைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம் என்று நிறுவனம் மூலமாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பதற்குத்தான் எல்லோருக்கும் பயம். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம். உலக சுகாதார நிறுவனம் உட்பட இந்தத் துறையில் இருப்பவர்கள் தெளிவாகச் சொல்வது, நேரடியாகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை. பெரும்பாலும் அது ஆறுதலாகத்தான் இருக்கிறது. "தப்பா எதுவும் யோசிக்கலைல்ல?" என்று கேட்காதீர்கள். அதற்கு "இல்ல" என்ற ஒரு பதில்தான் உண்டு. "இவ்வளவு வலில இருக்கும்போது செத்துடலாம்னு சில பேருக்குத் தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் எப்படி என்று யோசித்தாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை எது பிடித்து நிறுத்தியது என்று ஒவ்வொன்றாக, அமைதியான குரலில். இந்த வாக்கியங்களைத் தோழர்களோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். முதல் முறை சொல்லும்போது குரல் நடுங்கும். அந்த நடுக்கம் பயிற்சி அறையிலேயே தீர்ந்துபோகட்டும்.

"சாக மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்பது பலனுள்ளதென்று யாரும் நிறுவவில்லை. பொருளை எட்டாமல் வைப்பது வேலை செய்கிறது. நம் கிராமங்களில் பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கும். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டி வைக்கும் முயற்சியைச் செய்து பார்த்தது. அந்த நாள், அந்த இரவு, வீட்டில் என்ன இருக்கிறது, அதை யார் எடுத்து வைப்பார், உங்களிடம் வந்தவர் யாரோடு இருப்பார் என்பதுதான் பேச வேண்டியது. எண்ணம் திட்டமாக மாறியிருந்தால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். மேற்பார்வையாளர், குடும்பத்தில் ஒருவர், மனநல மருத்துவர் என்று அங்கேயே கை கோத்துவிட வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணும், தமிழ்நாட்டின் 104 சுகாதார உதவி எண்ணும் கையில் எழுதித் தரப்படட்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் முன்பு முயன்றதைக் குடும்பம் மறைக்கும். 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, தண்டிக்கக் கூடாது என்கிறது. இதைச் சொன்னால் பலருக்கு மூச்சு வரும்.

தற்கொலை எண்ணம் மட்டும் இல்லை. குரல் கேட்கிறது என்பவர், பல நாள் தூக்கமே இல்லாதவர், சாப்பாட்டை விட்டவர், குடியை நிறுத்திய ஓரிரு நாளில் கை நடுங்கி உளறுபவர், இவர்களெல்லாம் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் எந்தக் கிழமை, எந்த அறை என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் நிஜ அமர்வுகளைப் பதிவு செய்ய எழுத்துப்பூர்வமான சம்மதமும் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். பல இடங்களில் கிடைக்காது. அப்போது சொல்லுக்குச் சொல் எழுதும் முறைதான். அமர்வு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், நினைவில் இருக்கும் ஒரு பத்து நிமிடப் பகுதியை, பெயர் ஊர் மாற்றி, நாடக வசனம்போல எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி: அந்த நேரம் எனக்குள் என்ன ஓடியது. மூன்றாவதாக: இப்போது என்றால் என்ன சொல்லியிருப்பேன். இதை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போங்கள். "போன வாரம் மூணு கேஸ் பாத்தேன், நல்லா போச்சு" என்று போனால் அவரால் எதுவும் கற்றுத் தர முடியாது. நடுப் பத்தி மிக முக்கியம். "இவர் எங்க சித்தப்பா மாதிரியே பேசுறார், எரிச்சலா வந்துச்சு" என்று அதில் வந்தால், நீங்கள் அதற்கப்புறம் ஏன் அறிவுரையில் இறங்கினீர்கள் என்பதற்குக் காரணம் அங்கேயே இருக்கும். பிரிட்டனில் கவுன்சலர்களின் சங்கமான பிஏசிபி, அனுபவம் பெற்ற கவுன்சலர்களுக்கும் மாதம் ஒன்றரை மணி நேரமாவது மேற்பார்வை வேண்டும் என்று வைத்திருக்கிறது. இங்கே உங்கள் நிறுவனம் ஏற்பாடு செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதுவும் நடக்காவிட்டால், மூத்தவர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்தாவது போங்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்புகளுக்குக் கட்டும் பணத்தை இதற்குச் செலவிடுவது எவ்வளவோ மேல்.

பழகும் நேரம் கூட, அழைப்புச் சேவைகளில் தொண்டராகச் சேருவது நல்ல வழி. ஸ்நேகா போன்ற அமைப்புகள் பயிற்சி கொடுத்த பிறகே உட்கார வைக்கும். போனில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். காது கூர்மையாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் எச்ஐவி பரிசோதனைக்கு இருக்கும் நம்பிக்கை மையங்களில் கவுன்சலர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று, அனுமதி வாங்கிக் கவனித்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில், பக்கத்தில் கூட்டம் நிற்க, ஒரு மனிதரைப் பதற்றமில்லாமல் பேச வைப்பதை அங்கே பார்க்கலாம்.

முன்னேற்றம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். வந்தவர் நன்றி சொன்னாரா என்று பார்க்காதீர்கள், நம் ஊரில் மரியாதைக்காக எல்லோரும் சொல்வார்கள். மூன்று மாத இடைவெளியில் இரண்டு பதிவுகளை எடுத்து அருகருகே கேளுங்கள். கேள்வி குறைந்திருக்கிறதா, அவர் பேசும் நேரம் கூடியிருக்கிறதா, நீங்கள் ஒன்று சொன்னதும் அவர் "ஆமா" என்று நிறுத்திவிடுகிறாரா, இல்லை "ஆமா, அதுவும் இல்லாம..." என்று இன்னும் உள்ளே போகிறாரா. இரண்டாவது வகை கூடினால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

கடைசியாக, முதல் அமர்வோடு நிறையப் பேர் திரும்ப வருவதில்லை. ஒருநாள் கூலி போகிறது, பஸ் செலவு, வீட்டில் தெரிந்தால் கேள்வி. ஆகவே முதல் அமர்வை வெறும் விவரச் சேகரிப்பாக ஆக்கிவிடாதீர்கள். படிவத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கிவைத்து, "இன்னைக்கு நீங்க சொன்னதுல நான் புரிஞ்சுக்கிட்டது இது" என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். எதையாவது விட்டுவிட்டேனா என்று கேளுங்கள். பேசினதில் எது உதவியாக இருந்தது, எது இல்லை என்று கேளுங்கள். வர முடியாமல் போனால் எந்த எண்ணில் கூப்பிடலாம், எந்த நேரத்தில் கூப்பிட்டால் நீங்கள் இருப்பீர்கள் என்பதைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.